ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவே

மூன்று பிக்கப்பும் ஒரு பழைய செய்தித்தாளின் மேல் வரிசையாகக் கிடக்கின்றன. வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று, இரண்டு மடங்கு அகலத்தில் இன்னொன்று. என் கிட்டாரில் எதைப் போடலாம் என்று பழுது பார்க்கும் சிக்கந்தர் பாய் கேட்டு ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும். நானோ அந்தத் தாளில் கறுப்புக்கு அடியில் பாதி மறைந்திருக்கும் மனை விற்பனை விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன், கிழக்குப் பார்த்த மனை, பேருந்து வசதி உண்டு, பக்கத்திலேயே, பக்கத்திலேயே என்ன என்பதைக் கறுப்பு மறைக்கிறது, பள்ளிக்கூடமாக இருக்கும், நகர்த்திப் பார்க்கலாம், நகர்த்தினால் கறுப்பைத்தான் கேட்கிறேன் என்று அவர் எடுத்துக்கொள்வார், அதனால் கையை மடியிலேயே வைத்திருக்கிறேன். "மாப்ள பாக்க வந்த மாதிரி உக்காந்திருக்க தங்கச்சி," என்கிறார் தலை நிமிராமல், "மூணு பேரும் நல்ல குடும்பந்தான், ஒருத்தனைச் சொல்லு." சிரிக்கிறேன், சத்தம் வராத சிரிப்பு, அவர் பார்த்திருக்க வழியில்லை. இன்று வெள்ளிக்கிழமை. பன்னிரண்டரைக்கு அவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஜும்ஆ தொழுகைக்குப் போய்விடுவார், அதற்குப்பின் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை இருக்கிறதாம், நாளை கடை கிடையாதாம். நாளை எனக்குக் கச்சேரி. சுவரில் மணி பதினொன்று நாற்பது. மேசையில் என் கிட்டார் மல்லாந்து கிடக்கிறது, கம்பிகள் ஆறையும் கழற்றிச் சுருட்டி ஒரு டப்பாவில் போட்டாகிவிட்டது, முன்பக்கத்து பிளாஸ்டிக் தகட்டைத் தூக்கிவிட்டார், உள்ளே மரம் பச்சையாக, பூச்சில்லாமல், யாரோ அவசரத்தில் குடைந்த குழி மாதிரி இருக்கிறது. மூன்று வருடம் மடியில் வைத்திருந்த பொருளின் வயிறு இப்படி இருக்கும் என்று தெரியாது. வெளியே நீலப் பளபளப்பு, உள்ளே பழப்பெட்டி மரம். விலை குறைந்த கிட்டார் அப்படித்தான் இருக்கும் என்று பாய் சொன்னார், சொன்ன தொனியில் இகழ்ச்சி இல்லை, அதற்கு நன்றியாக இருந்தது. எனக்கு இன்றைக்கு எல்லாவற்றுக்கும் நன்றியாகத்தான் இருக்கிறது, மூன்றில் ஒன்றைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

பிக்கப் என்பது கிட்டாரின் காது, என் கிட்டாருக்கு மூன்று. கம்பிக்குக் கீழே ஒரு காந்தம், காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று. மேலே கம்பி அசைந்தால் இந்தச் சுருளில் மின்சாரம் அசையும், அதுதான் ஆம்ப்புக்குப் போய்ச் சத்தமாகிறது. பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவளுக்கு இது புரியும். அந்தக் காது கம்பியை மட்டும் கேட்டுவிட்டு நிற்காது என்பதும் புரியும், பக்கத்தில் ஓடும் கரண்ட்டையெல்லாம் சேர்த்துக் கேட்கும், டியூப் லைட், ஃபேன் ரெகுலேட்டர், எல்லாவற்றுக்கும் மேலாகக் கோயில் திருவிழா மேடை. அங்கே தலைக்கு மேலே சீரியல் செட் ஓடும், மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் நிற்கும், கால் வைக்கிற இடமெல்லாம் ஒயர். நான் வாசிப்பது பாலகுரு அண்ணனின் மெல்லிசைக் குழுவில், மதுரையைச் சுற்றி எங்கே திருவிழா என்றாலும் போவோம், பெண்கள் இருவர்தான், பாடுகிற கோமளா அக்காவும் நானும். எங்கள் குழுவுக்கு என்று ஒரு வழக்கம் இருக்கிறது. தொடக்கத்தில் எல்லா வாத்தியமும் நிற்கும், மேடை விளக்கைக் குறைப்பார்கள், சுருதிகூட இல்லாமல் கோமளா அக்கா தனியாக ஒரு விருத்தம் எடுப்பாள். வெறுங்குரல். கடலை வறுக்கிறவன்கூடக் கரண்டியை நிறுத்துவான். அந்த நிசப்தத்தில் என் கிட்டார் ஊம் என்று இரைந்துகொண்டிருக்கும். போன சனிக்கிழமை மேலூர்ப் பக்கம் ஓர் ஊரில் அது அளவு மீறிப் போனது, புது சீரியல் செட் போட்டிருந்தார்கள், அக்கா வாயைத் திறப்பதற்கு முன்னால் முன்வரிசையிலிருந்து ஒருவன், "ஏப்பா, தேன்கூட்டைக் கலைச்சது யாருப்பா?" என்று கத்தினான், இன்னொருவன், "அந்தப் புள்ள மடியிலதான்டா கூடு இருக்கு," என்றான், கூட்டம் முழுவதும் சிரித்தது. பாலகுரு அண்ணன் வேனில் ஏறும்போதுதான், "ஏம்மா ஆக்னஸ், அடுத்த சனிக்கிழமைக்குள்ள அதைச் சரி பண்ணிரு. இல்லாட்டி விட்டுரு, கிட்டார் சத்தத்தை டேனியல் கீபோர்டுலயே போட்டுக்கிருவான்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அடுத்த வாரம் மறந்துவிடுவார் என்று நம்பியிருக்கலாம். ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன், டேனியல் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்துவது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது, ஒரு பொத்தான், அவ்வளவுதான் நான். வாரத்துக்கு ஒரு முறை அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காராவிட்டால் எனக்கு வேறு எங்கே உட்கார இடம் இருக்கிறது. டியூஷன் பிள்ளைகள் முன்னால், வீட்டில் அம்மா முன்னால், பேருந்தில். இவற்றில் எங்கேயும் என் விரல் பேசியதில்லை.

கோமளா அக்கா இல்லாவிட்டால் முதல் மாதமே ஓடிவந்திருப்பேன். முதல் கச்சேரியில் என் நாற்காலியை மேடை விளிம்பில் போட்டிருந்தார்கள், கீழே நின்று இருவர் என் கால் கொலுசைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள், நான் காலை உள்ளே இழுத்து இழுத்துக் கடைசியில் நாற்காலிக்கு அடியிலேயே வைத்துவிட்டேன். அக்கா மைக்கை அணைத்துவிட்டுக் கீழே குனிந்து, "தம்பிகளா, கொலுசு வேணும்னா கடைல கேளுங்க, இங்க பாட்டு மட்டுந்தான்," என்றாள், அப்புறம் என் நாற்காலியை ஒரு கையால் இழுத்துத் தன் வலதுபக்கம் போட்டாள். அன்றிலிருந்து அதுதான் என் இடம். அக்காவின் வலதுபக்கம், என் ஆம்ப் எங்கள் இருவருக்கும் நடுவில், அக்காவின் சேலை சில நேரம் ஆம்ப்பின் மேல் விழுந்து கிடக்கும். வேனிலும் என்னை வலதுபக்கம்தான் உட்காரவைப்பாள், "இந்தப் பக்கம் வாடி கழுத," என்று. நான் மெதுவாகப் பேசுகிறவள், குழுவில் பாதிப் பேர் என்ன என்ன என்று கேட்டே சலித்துவிட்டார்கள், அக்கா மட்டும் முகத்தையே பார்த்துக் கேட்பாள், ஒரு வார்த்தை விடாமல். என் வாயை ஒருவர் அப்படிப் பார்த்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு நாள், சேர்ந்து ஆறேழு மாதம் இருக்கும், விருத்தத்துக்கு முன்னால் இரைச்சல் கேட்கக்கூடாதே என்று நான் வால்யூம் திருகை அடியோடு குறைத்துவைத்தேன். யாரும் சொல்லாமல் நானே கண்டுபிடித்த வழி, பெருமையாகக்கூட இருந்தது. அன்று அக்கா எடுக்கவே தாமதித்தாள், எடுத்ததும் எங்கேயோ போய் நின்றாள், டேனியல் கீபோர்டில் தேடு தேடு என்று தேடினான். இறங்கி வந்ததும், "ஆக்னசு, அந்தத் திருகைத் தொடாத. அது பாட்டுக்கு இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல," என்றாள். இரைகிற கிட்டாரோடு ஒரு பெண் கூச்சப்பட்டுக்கொண்டிருக்கிறாளே, பயப்படாதே என்று எனக்குத் தைரியம் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்று வீட்டில் அம்மாவிடம்கூடச் சொன்னேன், அக்கா மாதிரி ஒருவர் கிடைக்க மாட்டார் என்று. இப்போதும் அதைத்தான் சொல்வேன். நன்றியை நான் வாயால் சொன்னதில்லை, கொஞ்சம் பூ வாங்கிக் கொடுத்திருக்கிறேன், ஒரு முறை தொண்டைக்கு அதிமதுரம்.

"கம்பி இல்லாம என்னத்தக் கேப்ப, இருந்தாலும் கேளு," என்கிறார் பாய். மூன்றையும் ஒவ்வொன்றாகக் கிளிப்பில் மாட்டிக் கடை ஆம்ப்பில் கொடுத்துக் காட்டப்போகிறார். கம்பி இல்லாத பிக்கப்பில் பாட்டு வராது, இரைச்சல் மட்டும்தான் வரும், ஆக நான் மூன்று இரைச்சல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்திருக்கிறேன். முதலில் வெள்ளை. அது இப்போது இருப்பதைப் போலவே ஒற்றைச் சுருள், இன்னும் நல்ல காந்தம், இன்னும் தெளிவாகப் பேசும், இரைச்சலும் இருக்கும். ஊம். பழகிய சத்தம், ஆம்ப்பிலிருந்து வந்து மேசை வழியாக என் முழங்கைக்கு ஏறுகிறது. ஐம்பது சைக்கிள். இரண்டாம் வருடச் செய்முறைத் தேர்வில் சோனோமீட்டர் கம்பியில் கரண்ட் விட்டு, காந்தத்தைப் பக்கத்தில் பிடித்து, மேலே ஒரு துண்டுக் காகிதத்தைக் கவட்டையாக உட்காரவைத்து, அது துள்ளி விழும்வரை நீளத்தை மாற்றிக்கொண்டே போக வேண்டும், விழுந்த இடத்திலிருந்து கணக்குப் போட்டால் ஊர்க் கரண்ட்டின் அதிர்வெண் வரும். எனக்கு நாற்பத்தொன்பது புள்ளி ஆறு வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், சரி, அது என்ன சுருதி என்று விளையாட்டாகக் கேட்டார், எனக்குத் தெரியும், வாய் வரவில்லை, தெரியாது போல என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே, சார். ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவே. நான்கு வருடம் கழித்து இப்போது மனதில் சொல்கிறேன், சொல்லும்போதே மெதுவாக அந்த ஊம்மோடு சேர்ந்து முனகிப் பார்க்கிறேன், பாய் ஏதோ தேடுகிறார், கேட்க மாட்டார், ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவே, இதை வேறு யாரோ அடிக்கடி சொல்லுவார்களே. டேனியல். விருத்தம் முடிந்து முதல் பாட்டுக்குள் போகும்போது கீபோர்டில் சுருதியைத் திருத்துகிற பொத்தானைத் தட்டிக்கொண்டே, "இந்தக்கா எப்பவும் அஞ்சுக்கும் அஞ்சரைக்கும் நடுவுலயே வந்து நிக்குது, வேணும்னே செய்யுதா," என்று முணுமுணுப்பான். எல்லா ஊரிலும். போன மாதம் அழகர்கோயில் பக்கம் பாதியில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாற்றினார்கள், அது திணறித் திணறி ஓடியது, என் இரைச்சல் கீழே இறங்கி இறங்கிப் போனது, அக்கா அன்று நாலரைக்குப் பக்கத்தில் எடுத்தாள், தொண்டை சரியில்லை என்றாள். நான் அதிமதுரம் வாங்கிக் கொடுத்தது அதற்குத்தான்.

கையில் போன் அதிர்கிறது. கோமளா அக்கா. பாய் பிக்கப்பை மாற்றுவதற்காக ஆம்ப்பை அணைக்கிறார், கடை திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கிறது. "எங்கடி இருக்க?" "பாய் கடைலக்கா." "சத்தமாப் பேசு." "பாய் கடைல. பிக்கப் மாத்துறதுக்கு." "என்னாண்டு சொல்றாரு? போயிருமா அந்த எரைச்சல்?" "ஒண்ணு போட்டா போகாதுக்கா, ஒண்ணு போட்டா போயிரும்." "கொஞ்சமாப் போகுமா, முழுசாவா?" இரைச்சல் போகுமா என்று பாலகுரு அண்ணன் கேட்கலாம், டேனியல் கேட்கலாம். முழுசாகவா என்று அப்படிப் பயந்துபோய் யார் கேட்பார்கள். "அக்கா," என்றேன். அடுத்த வார்த்தை எனக்கு வரவில்லை, வழக்கம்போல. போனில் அக்கா என் வாயைப் பார்க்க முடியாது. ஆனாலும் அவளுக்குக் கேட்டுவிட்டது போல. பின்னால் குக்கர் விசில் அடித்தது, அப்புறம் அவள் சிரித்தாள். "கண்டுபிடிச்சிட்டியா. படிச்ச கழுதல்ல. ரெண்டு வருசமாச்சுடி, இடது காது சுத்தமாப் போயி. டேனியல் அந்தப் பக்கம் எத்தனை கட்டை கொடுத்தாலும் எனக்குக் கெணத்துக்குள்ள கேக்குற மாதிரி இருக்கும். சுருதி இல்லாம எடுக்குறவண்டு ஊரெல்லாம் பேரு வாங்கிட்டேன், இப்பப் போயி டேனியல், இந்தப் பக்கமாக் கொஞ்சம் அமுக்குப்பாண்டு கேக்கச் சொல்றியா? பாலகுருவுக்குத் தெரிஞ்சா அடுத்த வாரமே புதுப் புள்ளையக் கூட்டியாருவாரு. ஒன் ஆம்ப்பு என் காலடில கெடந்து ஊம்ங்குதா, அதைப் பிடிச்சுக்கிட்டு ஏறிருவேன்." "எனக்குத் தெரியாதுக்கா." "தெரியக்கூடாதுண்டுதான சொல்லல. சரி, ஒனக்கு எது நல்லதோ அதப் போடு. என்னையப் பாக்காத. ஒன் சோலியப் பாரு." குக்கர் மறுபடியும் அடித்தது. "குழம்பு கருகுது, அப்புறம் கூப்புடுறேன்," என்று வைத்துவிட்டாள்.

பாய் கறுப்பை மாட்டியிருக்கிறார். வெள்ளையின் அளவுதான், உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சுருள், ஒன்று எதிர்த்திசையில் சுற்றியது, இரண்டும் ஒரே இரைச்சலைக் கேட்டு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆம்ப்பைப் போட்டார். ஒன்றுமே இல்லை. "போட்டுட்டீங்களா பாய்?" என்று கேட்டுவிட்டேன், சிவப்பு விளக்கைக் காட்டினார். இவ்வளவு வெறுமையை நான் அந்தப் பொட்டியிலிருந்து எதிர்பார்க்கவில்லை. அக்காவின் காலடியில் இது இருந்தால் அவள் எதைப் பிடித்து ஏறுவாள். அப்படியானால் வலதுபக்கம் என் நாற்காலியை இழுத்துப் போட்டது எனக்காக இல்லையா, ஆம்ப்புக்காகவா, திருகைத் தொடாதே என்றது, வாயைப் பார்த்துக் கேட்டது, இரண்டு வருடமாக நான் எண்ணி எண்ணிச் சேர்த்துவைத்த அத்தனையும். கண் ஓரம் சுடுகிறது, பாய் பார்த்துவிடுவாரோ என்று தாளைப் பார்க்கிறேன், கறுப்பு இப்போது கிளிப்பில் தொங்குகிறது, விளம்பரம் முழுதாகத் தெரிகிறது, பக்கத்திலேயே பெட்ரோல் பங்க். இல்லை, அவசரப்படாதே. நாற்காலியை இழுத்தது முதல் கச்சேரி. அன்று ஆம்ப் வேறு மூலையில் இருந்தது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஒயர் நீளம் போதாமல் அக்காதான் ஆம்ப்பைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தாள். முதலில் நான், அப்புறம்தான் ஆம்ப். அல்லது இரண்டும் சேர்ந்தே வந்திருக்கலாம். சேர்ந்து வந்தால் என்ன. நான் மட்டும்தான் அவளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று நினைத்திருந்தேன், அவளும் என்னைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், ஊரே தேன்கூடு என்று சிரித்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு. நான் ஒருவருக்கு இத்தனை நாள் பயன்பட்டிருக்கிறேன், எனக்கே தெரியாமல். தெரிந்திருந்தால் கெடுத்திருப்பேன். சுடுவது குறையவில்லை, ஆனால் இப்போது அது வேறு சூடு. "என்னத்தா, கறுப்பா?" என்கிறார் பாய். இன்னொரு வழி இருக்கிறதே, அகலமானது, பக்கம் பக்கமாக இரண்டு சுருள் வைத்தது, அதுவும் இரையாது, ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்த இரட்டைச் சுருளைப் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் பழையபடி விட்டுவிடலாம், சுவிட்ச் இருக்கிறது, விருத்தத்தின்போது இந்தப் பக்கம் தள்ளினால் இரையும், பாட்டின்போது அந்தப் பக்கம் தள்ளினால் இரையாது. அக்காவுக்கு அவள் ஊம், எனக்கு என் நாற்காலி. எவ்வளவு அழகான வழி. ஆனால் பாலகுரு அண்ணன் சரி பண்ணச் சொன்னதே விருத்தத்து நேரத்து இரைச்சலைத்தான், பாட்டுக்குள் எவன் கேட்கிறான். நாளைக்கு அந்த நேரத்தில் அது இரைந்தால் நான் இல்லை, நான் இல்லாவிட்டால் அந்த ஊம்மும் இல்லை. சுவிட்ச் யாரையும் காப்பாற்றாது. எனக்கு அந்த வழி பிடித்ததற்குக் காரணம் வேறு, அதில் நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒரு பக்கம் தள்ளிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்ளலாம். மற்ற வழி என்ன என்பது கறுப்பைக் கேட்டபோதே, அதாவது கேட்காமல் இருந்தபோதே, எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லா வாத்தியமும் நின்று, விளக்கைக் குறைத்து, கரண்டிக்காரன் கரண்டியை நிறுத்திய பிறகு, அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால், யாராவது ஒரு சுருதியை வாசிக்க வேண்டும். தனியாக. எல்லோருக்கும் கேட்கும்படி.

"கறுப்புதான் பாய். மூணு இடத்துலயும்." அவர் நிமிர்ந்து பார்த்தார், இவ்வளவு சத்தமாக நான் அவரிடம் பேசியதில்லை என்று நினைக்கிறேன். "மூணுமே கறுப்பா? ஒண்ணாவது பழசு இருக்கட்டும், அந்தச் சத்தத்துல ஒரு கிணுகிணுப்பு இருக்கும், இதுல கொஞ்சம் மட்டுப்படும்." "பரவால்ல பாய்." "அப்பறம் வந்து கிணுகிணுப்பைக் காணோம்னு அழக்கூடாது." "மாட்டேன்." அலமாரியிலிருந்து இன்னும் இரண்டு கறுப்பை எடுத்துவைத்துவிட்டுச் சால்ட்ரிங் கோலை எடுத்தார். ஈயம் உருகுகிற வாசனை, பழைய ஒயரை அவர் ஊதி ஊதி எடுக்கிறார், அவசரப்படுகிற கை என்று சொல்ல முடியாது, ஆனால் ஒரு நொடிகூடச் சும்மா இல்லை, ஒரு சொட்டு வைத்துவிட்டு அது ஆறுவதற்குள் அடுத்த ஒயரின் தோலை உரித்துவிடுகிறார். தொழுகைக்கு நேரம் நெருங்குகிறதே என்று எனக்குத்தான் பதற்றம். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "பாய், கிளம்பலையா?" என்கிறார், "இந்தப் புள்ளைக்கு மூணு மாப்ள கட்டிவச்சிட்டு வர்றேன்," என்கிறார் இவர். பழைய மூன்றையும் ஒரு கவரில் போட்டு என்னிடம் தருகிறார், உள்ளங்கைக்குள் அடங்குகிற எடைதான், இவற்றின் சத்தத்தில்தான் ஒரு பெண் இரண்டு வருடம் பாடியிருக்கிறாள், இவருக்குச் சொல்ல முடியாது, யாருக்குமே சொல்ல முடியாது, சொல்லாமல் வைத்துக்கொள்வது எனக்கு நன்றாக வரும், என்னிடம் இருப்பதிலேயே பயனுள்ள குணம் அதுவாகக்கூட இருக்கலாம். பன்னிரண்டு பதினெட்டு. தகட்டைத் திருகி மூடிவிட்டார். "எல்லாக் கம்பியும் மாட்ட நேரமில்ல. ஒண்ண மட்டும் மாட்டித் தர்றேன், வேலை செய்யுதாண்டு பாத்துக்க. மத்தத வீட்ல போய் மாட்டிக்க, தெரியும்ல?" தெரியும். மூன்றாவது கம்பியை மாட்டி முறுக்கினார், அது ஐந்து கட்டை. ஆம்ப்பைப் போட்டு, வால்யூம் திருகை முழுசாகத் திருகி, கிட்டாரை என் மடியில் வைத்துவிட்டுத் தொப்பியைத் தேடப் போனார். முழு வால்யூம். ஆம்ப்பில் ஒரு சத்தமும் இல்லை. இப்படியொரு சுத்தமான நிசப்தத்தை நான் தொட்டுக் கெடுக்க வேண்டும். விரல் கம்பிக்கு மேலே நிற்கிறது. தேர்வாளர், முன்வரிசைக்காரன், கொலுசு, எல்லோரும் வந்து நிற்கிறார்கள். போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். "குழம்பு என்னாச்சுக்கா?" "கருகிருச்சு. நீ என்னத்தப் போட்ட?" "எரையாததைப் போட்டேன்." கிட்டாரை மடியில் நேராக்கிக்கொண்டேன். "நாளைக்கு விருத்தத்துக்கு முன்னாடி நான் சுருதி கொடுக்குறேன்க்கா. வாசிச்சு." சொல்லிவிட்டேன், ஒரே மூச்சில், பாய் தொப்பியோடு திரும்பிப் பார்க்கிறார். "நீயா? தனியாவா?" "ம்." "எல்லாரும் பாப்பாங்கடி." "தெரியும்க்கா." "சுருதி இல்லாம எடுப்பாங்கிற என் கெத்து என்னாகுறது?" என்றாள், அதை நான் யோசிக்கவே இல்லை. பிறகு அவளே, "போகட்டும். கெத்தத் தூக்கிக்கிட்டு ரெண்டு வருசமா நடுங்குனது போதும். எங்க, கொடு பாப்போம்." திறந்த கம்பியைத் தட்டினேன். ஐந்து கட்டை, கடை முழுவதும் நிறைந்தது, சுற்றிலும் எந்த ஊம்மும் இல்லாமல் அது மட்டும். அக்கா மெதுவாக முனகினாள், "எறக்கமா இருக்கே." "அது எப்பவும் அஞ்சுக்கும் அஞ்சரைக்கும் நடுவுல இருந்துச்சுக்கா. இப்ப நீங்க கேக்குறதைக் கொடுக்கலாம். அஞ்சா, அஞ்சரையா?" அவள் யோசிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. "இதுவரைக்கும் எவனும் என்கிட்ட கேட்டதில்லடி," என்றாள், அப்புறம், "அஞ்சரை. வயசாயிருச்சுண்டு எவனும் சொல்லிறக்கூடாது." கிட்டார் கழுத்தின் முதல் கட்டத்தில் விரலை அழுத்தித் தட்டினேன். அக்கா ஆ என்று எடுத்தாள், கொஞ்சம் தள்ளி, தேடி, பிறகு வந்து நேராக அதன் மேல் நின்றாள், போனின் சின்ன ஸ்பீக்கர் கரகரத்தது. பாய் ஷட்டர் கம்பியைப் பிடித்தபடி வாசலில் நிற்கிறார், போகவில்லை, தெருவில் இருவர் நின்று உள்ளே பார்க்கிறார்கள், என் முகம் சிவப்பது எனக்கே தெரிகிறது. "மறுபடியும்," என்கிறாள் அக்கா, "இன்னும் சத்தமா." வால்யூம் ஏற்கெனவே முழுசாகத்தான் இருக்கிறது. இனி விரல்தான் அழுத்தமாக இறங்க வேண்டும். இறக்குகிறேன்.